ஓமோன்கள் மரத்தை ஆக்கும் விதம்: வேப்பங்கன்றில் ஆராயத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

உயர்தரத்தில் உயிரியலைக் கற்று முடித்தவர்களையும், பல்கலைக்கழகத்தில் தாவரவியலுக்கான முதல் ஆய்வுச் செயற்றிட்டத்தைத் தேடுபவர்களையும், பாடசாலை ஆய்வுகூடத்தைப் பொறுப்பேற்றிருக்கும் ஆசிரியர்களையும் மனத்திற்கொண்டு இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. தாவரத்தின் உள்ளே ஓடும் இரசாயனச் சைகைகள், மரத்தை ஆக்கும் நொதியங்களின் பரம்பரையலகுகளை எவ்வாறு திறக்கின்றன, எவ்வாறு அடக்குகின்றன என்பதை யாழ்ப்பாணத்தில் கிடைக்கும் மரங்களையும் எளிய கருவிகளையும் கொண்டு படிப்படியாகக் கற்பதே நோக்கம். இத்துறைக்குப் புதிதாக வருவோர் பெரும்பாலும் பரம்பரையலகை அளக்கும் இயந்திரத்தையே முதலில் தேடுகிறார்கள். அது தலைகீழான வரிசை என்பது என் உறுதியான கருத்து. ஓர் ஓமோன் என்ன செய்யும் என்பது அது எந்தக் கலப்படையைச் சேர்கிறது, எப்போது சேர்கிறது, உடன் வேறு எந்த ஓமோன் இருக்கிறது என்பவற்றைப் பொறுத்தது. ஆகவே இழையத்தைக் கண்ணால் அடையாளங்காணத் தெரியாதவருக்கு எந்த எண்ணும் பொருள் தராது.

முதற் படி: மரத்தைத் தெரிதல்

யாழ்ப்பாணத்தவர் எவரும் முதலில் நினைப்பது பனையைத்தான். பனஞ்சிலாகையின் வைரத்தை அறிந்த ஒருவர், மரம் உருவாவதை ஆராய அதைவிடச் சிறந்த பொருள் ஏது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் பனை ஒருவித்திலைத் தாவரம். அதன் தண்டில், நீரைக் கடத்தும் காழையும் உணவைக் கடத்தும் உரியத்தையும் ஆண்டுதோறும் புதிதாகப் பிறப்பிக்கும் மாறிழையம் என்ற பிரியும் கலங்களின் வளையம் இல்லை. பனையின் வைரம், தண்டின் வெளிப்புறத்தில் நெருங்கி நிற்கும் நார்க்கட்டுகளின் சுவர்கள் தடித்து, அவற்றில் கலச்சுவரை வன்மையாக்கும் இலிக்னின் என்ற பொருள் நிறைவதால் வருவது. அங்கேயும் இலிக்னினை ஆக்கும் நொதியங்களே வேலை செய்கின்றன என்றாலும், ஓமோன்கள் மாறிழையத்தை இயக்கும் விதத்தைப் பனையில் காணமுடியாது. தென்னைக்கும் இதுவே பொருந்தும்.

பூவரசு, வேம்பு, முருங்கை ஆகிய மூன்றும் இருவித்திலைத் தாவரங்கள். மூன்றிலும் மாறிழையம் உண்டு. இவற்றுள் வேம்பையே பரிந்துரைக்கிறேன். அதன் மரபணுத்தொகையின் (முழு டி.என்.ஏ. வரிசையின்) முதல் வரைவு 2012 இல் பெங்களூர் ஆய்வாளர்களால் வெளியிடப்பட்டது. எனவே பின்னர் பரம்பரையலகுகளை அளக்க வேண்டியபோது அவற்றின் வரிசையைப் பொதுத் தரவுத்தளத்தில் தேடி எடுக்கலாம். வேப்பம் விதை விழுந்து சில வாரங்களிலேயே முளைதிறனை இழந்துவிடும் என்பதால், பழம் உதிரும் காலத்திலேயே சதையை நீக்கிக் கழுவி, நிழலில் உலர்த்தி, தாமதியாமல் பைகளில் ஊன்றிவிட வேண்டும். ஒரே தாய்மரத்தின் விதைகளாக இருந்தால் கன்றுகளிடையே வேறுபாடு குறையும். தண்டு பென்சில் பருமனுக்கு வந்த கன்றுகள் வேலைக்கு ஏற்றவை.

உலகில் இத்துறையின் மாதிரி மரம் பொப்லர் ஆகும். அதன் மரபணுத்தொகை 2006 இல் வெளியாயிற்று. மரமொன்றுக்கு அவ்வாறு செய்யப்பட்டது அதுவே முதல் தடவை. நீங்கள் வாசிக்கப்போகும் கட்டுரைகளில் பெரும்பகுதி பொப்லரையும், சிறு களையான அராபிடொப்சிசையும் பற்றியே இருக்கும். அங்கு கண்டதை வேம்புக்குப் பொருத்தும்போது, அது ஓர் எதிர்பார்ப்பு மட்டுமே என்பதை மறவாதிருத்தல் நல்லது.

இரண்டாம் படி: குறுக்குவெட்டை வாசிக்கப் பழகுதல்

புதிய சவர அலகு ஒன்றை எடுத்து, தண்டை நீரில் நனைத்தபடி, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவல்களாக வெட்டுங்கள். அலகு சிறிது மழுங்கினாலும் மாறிழையக் கலங்கள் நசிந்துவிடும் என்பதால் அதை அடிக்கடி மாற்ற வேண்டும். முழு வட்டமும் கிடைக்கவேண்டிய அவசியமில்லை. பட்டையிலிருந்து நடுவரை செல்லும் ஓர் ஆப்புத் துண்டு போதும்.

முதற் சாயமாகத் தொலுயிடின் நீலத்தை 0.05 சதவீதக் கரைசலாகப் பயன்படுத்துங்கள். இலிக்னின் ஏறிய சுவர்கள் பச்சை கலந்த நீலமாகவும், ஏறாத மென்சுவர்கள் ஊதா அல்லது இளஞ்சிவப்பாகவும் தெரியும். இரண்டாவது சாயம் புளோரோகுளுசினோல். எதனோலில் கரைத்த 3 சதவீதக் கரைசல் இரண்டு பங்குடன் செறிந்த ஐதரோகுளோரிக் அமிலம் ஒரு பங்கைச் சேர்த்து, சீவலின்மேல் ஒரு துளி இட்டால் இலிக்னின் உள்ள சுவர்கள் செந்நிறம் பெறும். இந்நிறம் சிறிது நேரத்தில் மங்கிவிடும்; ஆகையால் உடனே படமெடுக்க வேண்டும். அமில ஆவி நுணுக்குக்காட்டியின் வில்லையைக் கெடுக்குமாதலால் மூடித்துண்டு இல்லாமல் பார்க்கக் கூடாது. கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். இச்சாயம் இலிக்னினிலுள்ள சில அல்டிகைட்டுக் கூட்டங்களோடு மட்டும் தாக்கமடைகிறது. எனவே நிறத்தின் அழுத்தத்தை இலிக்னினின் அளவாகக் கொள்ளாமல், இலிக்னின் எந்தெந்தச் சுவர்களில் இருக்கிறது என்பதற்கு மட்டும் சான்றாகக் கொள்ளுங்கள்.

இப்போது வெளியிலிருந்து உள்நோக்கி வாசியுங்கள். பட்டை, உரியம், அதன்பின் தட்டையான மெல்லிய கலங்கள் ஆரைவழியே வரிசையாக அடுக்கப்பட்ட மாறிழைய வலயம், அதன் உட்புறத்தில் விரிவடைந்துகொண்டிருக்கும் இளங்காழ்க் கலங்கள், அதற்கும் உள்ளே துணைச்சுவர் தடித்து இலிக்னின் ஏறும் வலயம், இறுதியில் உயிரற்று நீரைக் கடத்தும் முதிர்ந்த காழ் என்று இந்த வரிசை அமையும். பிறப்பு, விரிவு, தடிப்பு, இறப்பு என்னும் நான்கு பருவங்களும் ஒரே சீவலில் அருகருகே கிடக்கின்றன. எந்த ஓமோனைப் பற்றி வாசித்தாலும் அது இந்த நான்கில் எதைத் தொடுகிறது என்று கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். இந்த வலயங்களைத் தயக்கமின்றிச் சுட்டிக்காட்ட முடிகிறவரை அடுத்த படிக்குப் போகவேண்டாம்.

வெட்டுவதற்குரிய காலமும் முக்கியமானது. மாரி மழையில் மண் நனைந்த பின்னரும், வேம்பு பங்குனி சித்திரையில் புதுத்தளிர் விடும்போதும் மாறிழையம் சுறுசுறுப்பாக இருக்கும். பட்டை தண்டிலிருந்து வழுவழுவென்று உரிந்து வந்தால் மாறிழையம் பிரிந்து பெருகுகிறது என்று அறியலாம். கடுங்கோடையில் நீரின்றி நிற்கும் மரத்தில் பட்டை ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் பரிசோதனை செய்து பயனில்லை.

மூன்றாம் படி: சைகை செல்லும் வழியை அறிதல்

யாழ்ப்பாணத்தில் உயிர்வேலி நட்ட எவருக்கும், கதியாலின் அடியும் நுனியும் பார்த்தே ஊன்றவேண்டும் என்பது தெரியும். பூவரசங் கதியாலையோ கிளுவங் கதியாலையோ தலைகீழாக நட்டால் அது ஒழுங்காகப் பிடிக்காது. இளந்தளிர்களில் உண்டாகும் ஒட்சின் என்ற ஓமோன் நுனியிலிருந்து அடியை நோக்கியே கலத்துக்குக் கலம் கடத்தப்படுகிறது. அது அடிப்பக்கத்தில் திரண்டு வேரைத் தோற்றுவிக்கிறது. மரம் உருவாவதற்கும் இதே ஓட்டமே ஆதாரம். சுவீடனின் உமியோ ஆய்வாளர்கள் 1996 இல் பைன் மரத்தின் தண்டை மெல்லிய படைகளாகச் சீவி அளந்தபோது, ஒட்சின் மாறிழைய வலயத்தில் உச்சமாகவும் இருபுறமும் விரைவாகக் குறைந்தும் இருந்ததைக் கண்டார்கள்.

ஒட்சின் கலத்தினுள் வந்ததும் இலிக்னின் நொதியத்தின் பரம்பரையலகை நேரே சென்று தொடுவதில்லை. கலத்தின் கருவில் சில தடைப் புரதங்கள், பரம்பரையலகுகளை இயக்கவல்ல காரணிப் புரதங்களைப் பிடித்து வைத்திருக்கின்றன. ரி.ஐ.ஆர்.1 என்னும் ஏற்பிப் புரதத்தோடு ஒட்சின் சேரும்போது, அத்தடைப் புரதங்கள் அழிவுக்குக் குறிக்கப்பட்டுச் சிதைக்கப்படுகின்றன. படலையை ஒட்சின் தள்ளித் திறப்பதில்லை. படலைக்குக் கட்டிய கயிற்றை அறுக்கிறது என்று சொல்லலாம். கிபரெலின் என்ற ஓமோனும் இவ்வாறே டெல்லா எனப்படும் தடைப் புரதங்களை அழிக்கச் செய்து தன் வேலையை நடத்துகிறது. இந்த ஒற்றுமையை மனத்தில் இருத்தினால் பல கட்டுரைகள் எளிதாகிவிடும்.

விடுபட்ட காரணிகள் வேறு காரணிகளை இயக்குகின்றன. காழ்க்கலனாக மாறவேண்டிய கலத்தில் வி.என்.டி.7 போன்ற தலைமைக் காரணிகள் எழுகின்றன. அவற்றின் கீழ் மிப்-46 என்ற காரணி எழுகிறது. அதன் கீழேதான் நொதியப் பரம்பரையலகுகள் வருகின்றன. இலிக்னின் பாதையிலுள்ள பல பரம்பரையலகுகளின் முகப்புப் பகுதியில், அடினினும் சைற்றோசினும் மிகுந்த ஒரு சிறு வரிசை திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. மிப் வகைக் காரணிகள் வந்து அமர்வது அந்த இடத்தில்தான். வெவ்வேறு நிறமூர்த்தங்களில் சிதறிக்கிடக்கும் பரம்பரையலகுகள் ஒரே வேளையில் இயங்குவதற்கு இந்தப் பொது முகவரியே காரணம். இவ்வளவு எளிய ஏற்பாட்டால் இவ்வளவு பெரிய ஒழுங்கு நிகழ்வது என்னை இன்னும் வியக்க வைக்கிறது.

நொதியங்களின் வரிசையையும் சுருக்கமாக அறிந்திருங்கள். பீனைலலனின் அமோனியா லயேசு (இனிச் சுருக்கமாக லயேசு), பீனைலலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து அமோனியாவை நீக்கிச் சினமிக் அமிலத்தை ஆக்குகிறது. பின்வரும் நொதியங்கள் அதைப் படிப்படியாக மாற்றி, கோனிபெரைல், சினாப்பைல் அற்ககோல்களாக்குகின்றன. அவை கலச்சுவருக்கு அனுப்பப்பட்டு, அங்கே லக்கேசு, பெரொக்சிடேசு நொதியங்களால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டு இலிக்னினாகின்றன. இப்பாதையின் நடுவிலுள்ள குமரேற்று லிகேசின் பரம்பரையலகைப் பொப்லரின் உறவான அஸ்பென் மரத்தில் அடக்கியபோது இலிக்னின் ஏறத்தாழ 45 சதவீதம் வரை குறைந்ததாகவும், செலுலோசு கூடியதாகவும் 1999 இல் அறிவிக்கப்பட்டது. ஒரு நொதியத்தின் பரம்பரையலகு முழுத் தண்டின் தன்மையையும் மாற்றும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மற்றச் சைகைகளில், சைற்றோகைனின் மாறிழையக் கலங்களின் பிரிவுக்கு இன்றியமையாதது. பிராசினோஸ்டீரொயிட்டுகள் காழ்க்கலன் உருவாகும் இறுதிக் கட்டத்துக்குத் தேவை. உரியத்திலிருந்து வரும், 12 அமினோ அமிலங்களாலான ஒரு சிறு பெப்தைட்டு, மாறிழையக் கலங்கள் அவசரப்பட்டுக் காழாக மாறிவிடாமல் தடுத்து அவற்றை இளமையாக வைத்திருக்கிறது. வாயு ஓமோனான எதிலீனைப் பற்றி முடிவில் சொல்கிறேன்.

நான்காம் படி: பசைப் பரிசோதனை

1966 இல் டிக்பி, வெயரிங் என்னும் ஆய்வாளர்கள் பொப்லர், திராட்சைத் தண்டுகளில் செய்த பரிசோதனையின் அமைப்பை நாம் வேம்பில் பின்பற்றலாம். அரும்பு நீக்கிய தண்டுக்கு ஒட்சினை மட்டும் கொடுத்தபோது சிறிதளவு காழே உருவானது. கிபரெலினை மட்டும் கொடுத்தபோது மாறிழையம் பிரிந்தது, ஆனால் பிறந்த கலங்கள் காழாக முதிரவில்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோதே முறையான மரம் உருவானது. ஓமோன்கள் இணைந்து செயற்படுவதைக் கண்ணால் காண இதைவிட நல்ல பரிசோதனையை நான் அறியேன்.

கன்றுகளை ஐந்து குழுக்களாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் குறைந்தது ஐந்து கன்றுகள் இருக்கட்டும். முதற் குழுவைத் தொடாமல் விடுங்கள். ஏனைய நான்கிலும் நுனியை வெட்டி, இலைகளையும் பக்க அரும்புகளையும் நீக்கி, வெட்டுவாயில் பசை தடவ வேண்டும்: ஒன்றுக்கு வெறும் லனோலின் (ஆட்டுக் கம்பளிக் கொழுப்பு), ஒன்றுக்கு ஒட்சின் கலந்தது, ஒன்றுக்குக் கிபரெலின் கலந்தது, ஒன்றுக்கு இரண்டும் கலந்தது. ஓமோனைச் சில துளி எதனோலில் கரைத்து, இளஞ்சூட்டில் உருகிய லனோலினில் 1 கிராமுக்கு 1 மில்லிகிராம் என்ற அளவில் கலந்து நன்றாகக் கிளறுங்கள். ஓமோன் இல்லாத பசைக்கும் அதே அளவு எதனோலைச் சேர்க்க வேண்டும்.

வெறும் லனோலின் குழுவைத் தேவையற்றதென்று விட்டுவிடாதீர்கள். முழுப் பரிசோதனையும் அதன்மேல்தான் நிற்கிறது. வெட்டுக்காயமே ஒரு சைகை. காயம்பட்ட இழையத்தில் யசுமோனிக் அமிலமும் எதிலீனும் எழுந்து, காயத்தை மூடுவதற்காக லயேசு நொதியத்தின் பரம்பரையலகுகளை இயக்குகின்றன. மரத்தை ஆக்கும் அதே பாதை காயத்தை ஆற்றவும் பயன்படுவதால், ஒட்சின் தடவிய கன்றைத் தொடாத கன்றோடு ஒப்பிட்டால் காயத்தின் விளைவை ஒட்சினின் விளைவென்று எழுதிவிடுவீர்கள். ஒப்பீடு எப்போதும் வெட்டி வெறும் பசை தடவிய கன்றோடு இருக்க வேண்டும். அதேபோல ஒட்சினின் செறிவையும் கூட்டக் கூடாது. மிகுந்த ஒட்சின் தாவரத்தை எதிலீனை உண்டாக்கத் தூண்டும், அப்போது எந்த ஓமோனின் வேலையைப் பார்க்கிறோம் என்பது தெரியாமற் போகும்.

நமது வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். லனோலின் 40 பாகை செல்சியசை அண்டிய வெப்பத்தில் உருகும். நேர் வெயில் படும் வெட்டுவாயில் அது வழிந்தோடிவிடும். மாலையில் தடவி, அலுமினியத் தாளால் தொப்பிபோல மூடி, கன்றுகளை நிழல்வலையின் கீழ் வையுங்கள். தாள் ஒளியையும் தடுக்கும். இயற்கை ஒட்சினான இந்தோல் அசற்றிக் அமிலம் ஒளியில் சிதையக்கூடியது. பசையைச் சில நாளுக்கொருமுறை, வெட்டுவாயை மெல்லியதாகச் சீவிப் புதுப்பியுங்கள். மூன்று வாரமளவில் வெட்டுவாய்க்குக் கீழே சம தூரத்தில் சீவல் எடுத்து, சாயமிட்டு, மாறிழையத்துக்கு உட்புறமாகப் புதிதாகத் தோன்றிய கலவரிசைகளை எண்ணுங்கள். எண்ணுபவருக்கு எந்தச் சீவல் எந்தக் குழுவுக்குரியது என்பது தெரியாதிருத்தல் நல்லது.

ஐந்தாம் படி: நொதியத்தை அளத்தல்

பரம்பரையலகை அளக்கும் வசதி இல்லாத இடத்திலும் லயேசு நொதியத்தின் செயற்பாட்டை அளக்கலாம். அதற்கு நிறமாலை ஒளிமானியும் குளிரூட்டிய மையநீக்கியும் போதும். தண்டின் பட்டையை உரித்து, வெளிப்பட்ட காழ் முகத்தை அலகால் சுரண்டினால் கிடைக்கும் ஈரமான மென்பொருளே வளரும் காழ். அதைப் பனிக்கட்டியின்மேல் வைத்த உரலில், 8.8 என்ற பி.எச். பெறுமானமுள்ள போரேற்றுத் தாங்கற் கரைசலுடன் அரைத்து, பொலிவைனைல் பிரோலிடோனும் சிறிது மேர்கப்டோ எதனோலும் சேருங்கள். வேம்பில் பீனோற் சேர்வைகள் மிகுதி; அவற்றைப் பிடித்து வைக்காவிட்டால் நொதியம் பழுப்பேறிச் செயலிழந்துவிடும். தெளிந்த சாற்றுடன் பீனைலலனினைச் சேர்த்து 37 பாகையில் வைத்து, 290 நனோமீற்றரில் உறிஞ்சல் ஏறும் வீதத்தை அளந்தால் சினமிக் அமிலம் உருவாகும் வேகம் கிடைக்கும். பீனைலலனின் சேர்க்காத ஒரு குழாயும் கூடவே ஓட வேண்டும். சாற்றின் பீனோல்களும் அதே அலைநீளத்தில் உறிஞ்சும்.

இவ்வேலைகளுக்குக் கிணற்றுநீர் உதவாது. சுண்ணாம்புப் பாறையினூடாக ஊறிவரும் நமது நீரில் கல்சியமும் இருகாபனேற்றும் மிகுந்திருப்பதால் தாங்கற் கரைசலின் பெறுமானமே மாறிவிடும். வடித்த நீரை மட்டும் பயன்படுத்துங்கள்.

ஆறாம் படி: தூது ஆர்.என்.ஏ.யை அளத்தல்

பரம்பரையலகு இயங்கும்போது அதிலிருந்து எடுக்கப்படும் பிரதியே தூது ஆர்.என்.ஏ. இதை அளப்பதைத் தனியே செய்ய முயலாமல், திரவ நைதரசனும், பிரதிகளைச் சுழற்சி சுழற்சியாகப் பெருக்கி அளக்கும் நேரலைப் பி.சி.ஆர். இயந்திரமும் உள்ள ஆய்வுகூடத்தில் ஒருவரின் மேற்பார்வையில் செய்யுங்கள். மர இழையத்துக்கு, பீனோல்களையும் பல்சக்கரைட்டுகளையும் நீக்கும் சி.டி.ஏ.பி. முறையும் அதன்பின் இலிதியம் குளோரைட்டால் வீழ்படிவாக்குவதும் நம்பகமானவை. கிடைத்த ஆர்.என்.ஏ.யில் 260 நனோமீற்றருக்கும் 230 நனோமீற்றருக்குமான உறிஞ்சல் விகிதம் தாழ்ந்திருந்தால், அழுக்கு நீங்கவில்லை என்று கொண்டு மீண்டும் கழுவுங்கள்; அழுக்கு மாதிரியில் எடுத்த எண்ணைத் திருத்தும் வழி எதுவும் இல்லை.

பரம்பரையலகுகளைத் தெரியும்போது அவை குடும்பமாக இருப்பதைக் கவனியுங்கள். லயேசுக்கு அராபிடொப்சிசில் 4 பரம்பரையலகுகளும் பொப்லரில் 5 உம் உண்டு. சில மரமாக்கலுக்கும், சில காயம், நோய் போன்றவற்றுக்கும் கூடுதலாகப் பதிலளிக்கும். வேம்பின் வரிசைகளைப் பொப்லரினவற்றோடு ஒப்பிட்டு, வளரும் காழில் மிகுதியாக இயங்குவதற்கு இணையானதைத் தேர்ந்து, அதற்கு மட்டும் பொருந்தும் பிரைமர்களை (பெருக்கத்தைத் தொடக்கும் சிறு டி.என்.ஏ. இழைகளை) அமையுங்கள். ஒட்சின் உண்மையில் கலத்தை எட்டியதா என்பதை அறிய, ஒட்சினுக்கு விரைந்து பதிலளிக்கும் தடைப் புரதப் பரம்பரையலகொன்றையும் சேர்த்து அளக்க வேண்டும். ஒப்பீட்டுக்கு அக்ரின், உபிகுயிற்றின் போன்ற நிலையான பரம்பரையலகுகளில் குறைந்தது இரண்டு தேவை. சைகை தெரியத் தொடங்கும் சுழற்சி எண்ணில் 1 குறைந்தால் தூது ஏறத்தாழ இருமடங்கு, 3 குறைந்தால் எட்டு மடங்கு என்று வாசிக்கலாம்.

மாதிரி எடுக்கும் நேரத்தை இரு வகையில் கவனிக்க வேண்டும். இலிக்னின் பாதையின் பரம்பரையலகுகள் நாளின் வேளைக்கேற்ப ஏறி இறங்குபவை. அராபிடொப்சிசில் விடியலுக்கு முன் அவை உச்சத்தில் நிற்கின்றன. ஆகவே எல்லாக் குழுக்களையும் ஒரே மணிநேரத்தில் அறுவடை செய்யுங்கள். மேலும், தடைப் புரதப் பரம்பரையலகு மணிக்கணக்கில் பதிலளிக்கும். நொதியப் பரம்பரையலகுகளுக்கு நாட்கள் ஆகலாம். சினியா என்ற பூச்செடியின் இலைக் கலங்களை ஒட்சினும் சைற்றோகைனினும் உள்ள ஊடகத்தில் இட்டு, அவை மூன்று நாளளவில் காழ்க்கலங்களாக மாறுவதை புக்குடாவும் கொமமினும் 1980 இல் காட்டினார்கள். அந்தக் கால இடைவெளியை நினைவிற்கொண்டு, முதல் நாளில் ஒரு மாதிரியும் சில நாட்களின் பின் இன்னொன்றும் எடுங்கள்.

தூது ஏறியிருந்தும் நொதியச் செயற்பாடு ஏறாதிருக்கலாம். நொதியம் ஏறியிருந்தும் சுவரில் இலிக்னின் கூடாதிருக்கலாம். அவை முரண்பாடுகளல்ல, ஒவ்வொரு படிக்கும் தனிக் கட்டுப்பாடு உண்டு. சீவல், நொதியம், தூது மூன்றையும் ஒரே கன்றிலிருந்து பெற்று அருகருகே வைத்து எழுதினால்தான் எந்தப் படியில் சைகை நின்றது என்று சொல்ல முடியும்.

எதிலீனை ஆராய விரும்புவோர், ஒரு தொகுதிக் கன்றுகளைத் தடியில் கட்டி 45 பாகை சாய்த்து வையுங்கள். இருவித்திலை மரத்தின் தண்டு சாயும்போது மேற்பக்கத்தில் இழுவை மரம் என்ற தனிவகைக் காழ் உருவாகும். அதைத் தூண்டும் சைகைகளில் எதிலீனும் ஒன்று. பல மர இனங்களில் அந்த நார்களின் உட்சுவர் ஏறத்தாழ முழுவதும் செலுலோசாகவே இருக்கும். புளோரோகுளுசினோல் இட்டால் அவ்விடம் வெளிறி நிற்கும். சில வாரங்களின் பின் ஒரே தண்டின் மேற்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும் ஒரே சீவலில் ஒப்பிடுங்கள். இங்கே வெட்டுக்காயம் எதுவும் இல்லை. கீழ்ப்பக்கமே மேற்பக்கத்துக்கு ஒப்பீடாக அமையும்.